ஆற்றுப்படுத்துவோர்க்குப் பரிசில் யார் தருவார்?

உளவளத்துணை என்னுஞ் சொல் யாழ்ப்பாணத்திலே வழக்கூன்றிச் சில தசாப்தங்கள் ஆகின்றன. மனநோவுற்ற ஒருவரை இருத்தி, அவர் சொல்வதைக் கேட்டு, அவரோடு அளவளாவி, அவர் தம் காலிலே தாமே நிற்கும்படி துணைசெய்யும் பணியை அச்சொல்லாற் குறிக்கின்றோம். அதனையே சீர்மியம் என்பாரும், ஆற்றுப்படுத்தல் என்பாரும் உளர். இம்மூன்று பெயர்களுள் ஆற்றுப்படுத்தல் என்பதே தமிழாசிரியனாகிய எனக்கு மிக உவப்பானது. இப்பணிக்கு அச்சொல்லைத் தெரிந்தெடுத்தவர் தமிழின் நாடி பிடித்தறிந்தவர் என்பதில் ஐயமில்லை.

ஆறு என்பது வழி. ஆகவே ஆற்றுப்படுத்தல் வழிப்படுத்தலாயிற்று. ஆற்றுதல் என்பதற்கு வெம்மை தணித்தல் என்பதும் ஒரு பொருள். தாய் சுடுபாலை ஆற்றிப் பிள்ளைக்குக் கொடுக்கிறாள். பொறுத்தல் என்பதும் ஒரு பொருள். பொறுக்கமாட்டாத நிலையை ஆற்றாமை என்கிறோம். ஆறுதல் என்னுஞ் சொல்லும் இவற்றின் பக்கத்திலே வந்து நிற்கிறது. இவற்றுக்கு வேர் ஒன்றோ வேறோ என்பதை மொழிநூலார் ஆராய்க. துன்புற்றவன் செவியில் இவையெல்லாம் ஒன்றாகவே ஒலிக்கின்றன.

எனினும், ஆற்றுப்படை என்றவுடன் இலக்கிய மாணவர்க்கு நினைவு வருவது பத்துப்பாட்டு. அத்தொகையிலே பாதி ஆற்றுப்படையே. திருமுருகாற்றுப்படை இறைவனருளை நாடுவோனை முருகனிடத்தே வழிப்படுத்துவது. பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம் என்னும் ஏனைய நான்கும் வேறு வகையின. வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், பசியோடு எதிரே வரும் மற்றொரு கலைஞனைக் கண்டு, தான் பெற்ற பேற்றைக் கூறி, அவ்வள்ளல் இருக்கும் ஊருக்கு வழி சொல்லுகிறான். சொல்லையும் இசையையும் கூத்தையும் தொழிலாகக் கொண்டோர் வயிறு வாடித் திரிதல் நாட்டுக்கு இழுக்கு என்னும் எண்ணமே அந்நூல்களின் உள்ளே கிடக்கிறது. அவர்களுடைய உழைப்பு உழைப்பென மதிக்கப்பட்டது. அதற்குப் பரிசில் கொடுத்தல் புரந்தானின் கடமையாயிற்று.

அந்த இலக்கியத்திலிருந்து பணிக்குரிய பெயரை எடுத்துக்கொண்ட நாம், பரிசிலை மட்டும் அங்கேயே விட்டுவிட்டோம். இக்கட்டுரை அப்பரிசிலைப் பற்றியது. உளவளத்துணையாளருடைய ஒரு மணி நேரம் எத்தகைய உழைப்பு? அதற்குத் தக்க வேதனத்தை யார் கொடுப்பது? கொடாவிடில் வரும் கேடு யாது? இவை சம்பளம் வாங்குவோரின் கவலைகள் மட்டுமல்ல. வேதனம் குறையுமிடத்துப் பணியாள் விலகுவார். பணியாள் விலகுமிடத்துத் துன்புற்றவர் சொல்வதைக் கேட்க ஆளிராது. கடைசியில் இழப்பு வந்து சேர்வது நோயாளியின் தலையிலேதான்.

யாழ்ப்பாணத்தாருடைய மனம் எத்தனை முறை முறிந்தது என்பதை நாட்காட்டியே சொல்லும். 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் ஊர்விட்டுப் பெயர்ந்தனர். அவருட் பலர் தம் காணியில் மீளக் கால் வைப்பதற்குக் கால் நூற்றாண்டும் அதற்கு மேலும் காத்திருக்க வேண்டியிருந்தது. 1995 ஒக்தோபர் 30 ஆம் நாள், வலிகாமத்து மக்கள் இலட்சக் கணக்கிலே நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தனர். 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை வடமராட்சி கிழக்கின் கரையூர்களை வாரிச் சென்றது. 2009 மே மாதத்திலே போர் முடிந்தபோது, இறந்தோர்க்கு அழுவதா, காணாமற் போனோர்க்குக் காத்திருப்பதா என்று அறியாத தாய்மார் வீடுதோறும் இருந்தனர். பின்னர் கடன் வந்தது. 2022 இல் நாடு முழுவதையும் வாட்டிய பொருளாதார நெருக்கடி வந்தது.

இத்துன்பத்தை அளந்து பார்த்தாரும் உளர். 2009 யூலை முதல் செப்டெம்பர் வரை, யாழ். மாவட்டத்திலே 1,517 குடும்பங்களைத் தெரிந்தெடுத்து ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிபு 2011 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியாயிற்று. வினாவப்பட்டோருள் 32.6 வீதத்தினரிடம் பதகளிப்பின் அறிகுறிகளும், 22.2 வீதத்தினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும், 7 வீதத்தினரிடம் நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடுவின் அறிகுறிகளும் காணப்பட்டன. அறிகுறியுடையார் எல்லாரும் நோயாளர் அல்லர் என்பது உண்மை. ஆயினும் ஐவரில் ஒருவர்க்கு மேல் மனச்சோர்வின் அறிகுறி தோன்றுவது ஒரு சமூகத்துக்குச் சிறிய செய்தியன்று.

இந்நிலையிலே நம்மிடம் ஆளில்லாமற் போகவில்லை. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்திலே யாழ்ப்பாணத்திலிருந்து பணியாற்றி, தாம் கண்டவற்றை 1998 இல் ஓர் ஆங்கில நூலாக வெளியிட்டார். வடுப்பட்ட மனங்கள் என்னும் பொருளுடைய தலைப்பு அந்நூலுக்கு. காயப்பட்டது தனியொருவர் மனம் மட்டுமன்று, குடும்பமும் ஊரும் சமூகமும் சேர்ந்தே காயப்பட்டன என்பதை அவர் பின்வந்த ஆய்வுகளில் விரித்துரைத்தார். மூச்சுப் பயிற்சி, சாந்தியாசனம், செபம், நீத்தார் கிரியை ஆகிய நம்மவர் வழக்கங்களையும் குணப்படுத்தும் வழிகளாகக் கொள்ளலாமெனக் காட்டினார். 1980களின் பிற்பகுதியிலே தோன்றிய சாந்திகம் என்னும் நிறுவனம் உளவளத்துணையாளரைத் தமிழிலேயே பயிற்றியது. தெல்லிப்பழை வைத்தியசாலையிலும் யாழ். போதனா வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் பணிசெய்து வருகின்றன. பிரதேச செயலகங்களிலும் உளவளத்துணைக்கென உத்தியோகத்தர் இருக்கின்றனர். பாடசாலைகளிலே ஆலோசனை வழிகாட்டலுக்கென ஆசிரியர் குறிக்கப்படுகின்றனர்.

அறிவு இருக்கிறது, சொல் இருக்கிறது, பயின்றாரும் இருக்கின்றனர். இல்லாதது நிலையான ஊதியம். ஆழிப்பேரலையின் பின்னும் போரின் பின்னும் இப்பணிக்கு வந்த பணத்திலே பெரும் பங்கு திட்டப் பணம். அது ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ வரும். கணக்கு முடிந்ததும் நின்றுவிடும். ஆறில்லாத நமது குடாநாட்டிலே ஆறென்று பெயர் பெற்றது வழுக்கையாறு. மாரியிலே அது பெருகியோடும். கோடையிலே அதன் தடத்தில் மாடு மேயும். திட்டப் பணமும் அத்தன்மையதே. வழுக்கையாற்றை நம்பி யாழ்ப்பாணத்துக் கமக்காரன் தோட்டஞ் செய்ததில்லை. கிணறு வெட்டித் துலாவிட்டு இறைத்தே புகையிலையும் வெங்காயமும் விளைவித்தான். உளநலத்துக்கும் வேண்டியது கிணறு.

என்னிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி போர் முடிந்த சில ஆண்டுகளில் உளவளத்துணையாளராகப் பயிற்சி பெற்று, தொண்டு நிறுவனமொன்றின் திட்டத்திலே சேர்ந்தாள். மிதிவண்டியிலே ஒழுங்கைதோறும் சென்று வீட்டு விறாந்தையில் இருந்து கேட்பதே அவள் பணி. மகனைத் தொலைத்த முதியவள் ஒருத்தி, முதல் நான்கு சந்திப்புக்களிலே கிணற்று நீர் உப்பானதையும் பசு கன்று போட்டதையும் மட்டுமே பேசினாளாம். ஐந்தாம் சந்திப்பில்தான் மகனுடைய பெயரைச் சொன்னாள். ஏழாம் சந்திப்புக்கு முன்னரே திட்டம் முடிந்துவிட்டது. மாணவி வேறு வழியின்றி நகரத்துப் புடைவைக் கடையொன்றிலே காசாளர் வேலைக்குப் போனாள். சில மாதங்களின் பின் அம்முதியவள் அவளைத் தேடிக் கடைக்கே வந்துவிட்டாள். துணி எடுக்கவில்லை. காசு மேசைக்கு முன்னே நின்று, “நான் இன்னும் சொல்லி முடிக்கேல்லைப் பிள்ளை” என்றாள். பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.

மாணவி இதனை என்னிடம் சொல்லிவிட்டு, “சேர், அவ்வுக்கு நான் என்ன மறுமொழி சொல்லுறது?” என்று கேட்டாள். இலக்கணத்திலே ஐயம் கேட்டிருந்தால் விடை கூறியிருப்பேன். இதற்கு விடை கூறவேண்டியவர்கள் வரவு செலவுத் திட்டம் வகுப்பவர்கள்.

இனி, அந்த ஒரு மணி நேரத்தின் இயல்பைச் சிறிது நோக்குவோம். கேட்பது எளிய காரியம் எனப் பலர் எண்ணுகின்றனர். திண்ணையிலிருந்து ஊர்க்கதை கேட்பது எளிது. அங்கே நாம் நடுவிலே புகுந்து நம் கதையையும் சொல்லலாம், அறிவுரை கூறலாம், கோபிக்கலாம், எழுந்தும் போகலாம். ஆற்றுப்படுத்துவோர்க்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. சொல்லுவதையும் சொல்லாமல் விடுவதையும் கவனித்தல் வேண்டும். மௌனத்தை நிரப்பாமலிருத்தல் வேண்டும். தற்கொலை எண்ணம் தலைகாட்டுகிறதா என அறிந்து உரியவரிடம் அனுப்புதல் வேண்டும். கேட்டதை வெளியே விடாது காத்தல் வேண்டும். ஒருவர் வலியை நாள்தோறும் ஏற்பவருடைய மனமும் தேயும். ஆதலால் அவர் தம்மினும் அனுபவம் மிக்கார் ஒருவரிடம் காலந்தோறும் சென்று தம் பணியை எடுத்துரைத்து மேற்பார்வை பெறல் வேண்டும். இத்தனையும் அந்த ஒரு மணி நேரத்தின் விலையிலே அடங்கும்.

மற்றுமொன்று. பிற தொழில்களைக் காலம் விரைவுபடுத்திவிட்டது. ஏடெழுதியவன் பல நாளிற் செய்ததை அச்சுயந்திரம் சில நிமிடத்திற் செய்கிறது. உடல்நோய் பார்க்கும் மருத்துவரும் சிறு நோய்களாயின் ஒரு மணியிற் பலரைப் பார்த்து அனுப்பலாம். கேட்டல் அவ்வாறு விரைவுபடவில்லை. ஐம்பது நிமிடத்து அழுகையைப் பத்து நிமிடத்திற் கேட்டு முடிக்க வழியில்லை. ஆகவே தலைக்கு இவ்வளவு எனக் கட்டணம் விதிக்குமிடத்து, ஆற்றுப்படுத்துவோர் என்றும் பின்தங்கியே நிற்பர். அவருடைய உழைப்பைக் காலத்தால் அளப்பதே முறை.

காலத்தால் அளந்து ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒருவர் நாளொன்றுக்கு ஐந்து பேரைச் செவ்வையாகக் கேட்கலாம். எஞ்சிய நேரம் குறிப்பெழுதவும், வீட்டுக்குச் செல்லவும், மேற்பார்வை பெறவும் வேண்டும். வாரத்துக்கு ஐந்து நாளாக 25 அமர்வு. ஆண்டுக்கு 48 வாரமாக 1,200 அமர்வு. ஒருவர் தேறுவதற்குச் சராசரி பத்து அமர்வு எனக் கொண்டால், ஒரு பணியாளர் ஆண்டிலே 120 பேரைத் தாங்குவார். 2012 இன் குடிசன மதிப்பீட்டின்படி யாழ். மாவட்டத்து மக்கள் ஏறத்தாழ 5 இலட்சத்து 83 ஆயிரம். அவருள் நூற்றுக்கு ஒருவர்க்கே ஓராண்டில் இத்துணை வேண்டும் என மிகக் குறைத்துக் கணக்கிட்டாலும் 5,830 பேர். அவரைத் தாங்க 49 முழுநேரப் பணியாளர் வேண்டும். ஒரு மாவட்டத்துக்கு ஏறத்தாழ ஐம்பது பேர்! ஒரு பெரிய பாடசாலையின் ஆசிரியர் தொகையினும் இது குறைவு. இதனைத் தாங்க மாட்டாத வறுமை எந்த அரசுக்கும் இல்லை.

பிற நாடுகள் இவ்விடயத்திலே எவ்வாறு நடந்தன என்பதையும் அறிதல் நன்று. நம்மவர் பலர் அந்நாடுகளிலேதான் வாழ்கின்றனர். ஜேர்மனியிலே சட்டப்படியான மருத்துவக் காப்புறுதி 1967 முதல் உளச்சிகிச்சைக்குப் பணம் கொடுத்து வருகிறது. ஆயினும் கொடுத்த வீதம் மிகக் குறைந்ததென வழக்குத் தொடுக்கப்பட்டது. 1999 இல் அந்நாட்டின் கூட்டாட்சிச் சமூக நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. உளச்சிகிச்சையாளருடைய பணி நேரத்தோடு கட்டுண்டது. அவர் விரைந்து செய்து வருவாயைப் பெருக்க இயலாது. ஆகவே அவருக்கு ஒரு குறைந்தபட்ச வீதத்தை உறுதிசெய்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. மேலே நான் அச்சுயந்திரத்தைக் காட்டிச் சொன்னதையே அந்நீதிமன்றம் சட்ட மொழியிற் சொல்லிற்று.

அவுஸ்திரேலியாவிலே 2006 இன் பிற்பகுதி முதல், மருத்துவர் அனுப்பும் நோயாளி உளவியலாளரிடம் சென்றால், மெடிக்கெயார் என்னும் அரச காப்புறுதி கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. நல்ல ஏற்பாடே. எனினும் திருப்பித் தரும் தொகைக்கும் உளவியலாளர் பலர் வாங்கும் கட்டணத்துக்கும் இடையே பெரிய இடைவெளி உண்டு. அதனைத் தம் கையிலிருந்து கொடுக்க மாட்டாதவர் பின்வாங்குகின்றனர். அத்தொகையை உயர்த்துமாறு அந்நாட்டு உளவியலாளர் சங்கம் கேட்டு வருகிறது. அமெரிக்காவிலே மனநோயையும் உடல்நோயையும் காப்புறுதி ஒப்ப நடத்துதல் வேண்டுமென 2008 இல் சட்டம் வந்தது. ஆயினும் காப்புறுதிக் கம்பனிகள் கொடுக்கும் வீதம் போதாமையால், உளச்சிகிச்சையாளர் பலர் காப்புறுதியையே ஏற்பதில்லை. நோயாளியின் கையிலே உரிமை இருக்கிறது. கதவைத் தட்டினால் திறப்பார் இல்லை. இந்தியாவும் 2017 இன் உளநலப் பராமரிப்புச் சட்டத்தினால், காப்புறுதியாளர் மனநோய்க்கும் உடல்நோய்க்கும் ஒரே அடிப்படையிற் காப்புறுதி வழங்கல் வேண்டுமென விதித்திருக்கிறது. இவற்றிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. உரிமையைச் சட்டத்தில் எழுதுதல் பாதி வேலை. அவ்வுரிமையை நிறைவேற்றுவோர்க்கு உரிய வீதத்தை எழுதுதல் மற்றைப் பாதி.

இனி, இதற்கு மாறாகச் சொல்லப்படுவனவற்றையும் எடுத்து நோக்குவோம்.

கூலி வாங்கிக்கொண்டு காட்டும் பரிவு பரிவாகுமா என்பார் சிலர். கூலிக்கு மாரடித்தல் என்னும் பழமொழியையும் துணைக்கு அழைப்பார். இவர்க்கு விடை, இப்பத்திரிகையை வாசிக்கும் ஆசிரியர்களே. 1848 இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியபோது, அங்கே கற்பித்தோர் தொடக்கத்தில் ஊதியங் கருதாது கற்பித்தனர். வீட்டுப் பிடியரிசியும் பாடசாலையைத் தாங்கிற்று. அது போற்றத்தக்க தியாகம். ஆனால் தியாகத்தின் மேல் நாடு முழுவதற்கும் பள்ளிக்கூடம் கட்ட இயலவில்லை. அரசின் உதவிப் பணம் வந்தது. 1945 இல் இலவசக் கல்வி வந்தது. 1960 இலும் 1961 இலும் வந்த சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. ஆசிரியர் மாதச் சம்பளம் பெறும் உத்தியோகத்தரானார். அதனால் மாணவர் மேல் அவருக்கிருந்த அன்பு வற்றிவிட்டதா? சம்பளம் அன்பின் விலையன்று. அன்புடையான் ஒருவன் வேறு வேலை தேடிப் போகாமல், அந்த இடத்திலேயே இருந்து அன்பு செய்வதற்கு வேண்டிய வசதி அது.

நமக்குக் கோயிலும் சுற்றமும் இல்லையா, இது மேனாட்டாரின் ஆடம்பரமன்றோ என்பார் வேறு சிலர். கோயிலும் சுற்றமும் பெரிய மருந்துகளே. பேராசிரியர் சோமசுந்தரமும் அவற்றை மதித்தே எழுதினார். ஆயினும் சுற்றமே சிதறிப்போன இடத்தில் என் செய்வது? ஒரு பிள்ளை கனடாவிலும் மற்றொரு பிள்ளை ஜேர்மனியிலும் இருக்க, நாற்சார் வீட்டிலே தனியே விளக்கேற்றும் முதியோர் எத்தனை பேர்! சுற்றத்தாலேயே துன்புற்ற பெண் அச்சுற்றத்திடம் எதனைச் சொல்லுவாள்? மேலும், நமது மரபும் கைம்மாறின்றிச் சிகிச்சை பெறச் சொன்னதில்லை. பரியாரியார் வீட்டுக்குப் போனவர் வெற்றிலையிலே பணம் வைத்துக் கொடுத்தே மருந்து பெற்று வந்தார். மருந்து என்னும் அதிகாரத்திலே திருவள்ளுவர் சிகிச்சைக்கு நான்கு உறுப்புக் கூறினார். நோயாளியும் மருத்துவனும் மருந்தும் ஆகிய மூன்றோடு, பக்கத்திலிருந்து பணிசெய்வோனையும் ஓருறுப்பாக வைத்தார். அந்நான்காமவனை நாம் கணக்கிலிருந்து தள்ளுதல் மரபாகாது.

குளிசை கொடுத்தாற் போதாதா என்பது மூன்றாவது வினா. குளிசை வேண்டியவர்க்குக் குளிசையே வேண்டும். அதனை மருத்துவர் தீர்மானிப்பார். ஆனால் மகனைத் தேடும் தாயின் இரவுக்குக் குளிசை உறக்கத்தைத் தரும். விடிந்தபின் அவள் பேச ஒருவர் வேண்டும்.

சாதாரண மனிதரைச் சிறிது பயிற்றினாலே போதும் என ஆய்வுகள் கூறுகின்றனவே, பின்னர் ஏன் உயர்ந்த சம்பளம் என்பது நான்காவது. இதிலே பாதி உண்மையுண்டு. இந்தியாவிலே கோவா மாநிலத்தில் விக்கிரம் பட்டேலும் அவர்தம் துணைவரும் நடத்தி, 2010 இல் லான்செற் இதழிலே வெளியிட்ட ஆய்வு, மருத்துவரல்லாத பயிற்றப்பட்ட ஆலோசகர் மனச்சோர்வுக்கும் பதகளிப்புக்கும் துணைசெய்ய வல்லார் எனக் காட்டிற்று. ஆனால் அவர் வெறும் ஆர்வத்தால் வந்து போனவர் அல்லர். பயிற்சி பெற்று, மருத்துவரோடு சேர்ந்து, மேற்பார்வையின் கீழே பணிசெய்தவர். மருத்துவரின் சம்பளம் அவர்க்கு வேண்டாம் என்பதை அவ்வாய்விலிருந்து பெறலாம். சம்பளமே வேண்டாம் என்பதைப் பெறல் இயலாது.

நாடு கடனில் மூழ்கியிருக்கிறதே என்பது ஐந்தாவது. இதுவே வலிய தடை. இதற்கும் விடையுண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் முயற்சியால் 2016 இல் வெளிவந்த கணக்கு, மனச்சோர்வுக்கும் பதகளிப்புக்கும் செய்யும் சிகிச்சையில் இடும் ஒரு டொலர், நலத்தாலும் உழைக்கும் ஆற்றலாலும் நான்கு டொலராகத் திரும்புமென மதிப்பிட்டது. இங்கிலாந்திலே பொருளியலறிஞர் லேயார்ட் 2006 இல் இவ்வகையான வாதத்தை முன்வைத்தார். 2008 இல் அந்நாட்டு அரசு பேச்சுச் சிகிச்சைக்கெனப் பணியாளரைப் பெருந்தொகையிற் பயிற்றி அமர்த்தத் தொடங்கிற்று. மனச்சோர்வுற்றவன் தோட்டத்துக்குப் போவதில்லை, கடலுக்குப் போவதில்லை, அவன் பிள்ளை பாடசாலைக்கு ஒழுங்காக வருவதில்லை. இந்த இழப்பு எந்த வரவு செலவுத் திட்டத்திலும் எழுதப்படாமையால், அது இல்லை என்று ஆகிவிடாது.

ஆகவே வேண்டுவன யாவை? நமது நாட்டிலே அரச வைத்தியசாலைச் சிகிச்சை இலவசமாதலால், முதற்கண் வேண்டுவது நிலையான பதவி. வைத்தியசாலைகளிலும் பிரதேச செயலகங்களிலும் பயிற்சி பெற்ற உளவளத்துணையாளர்க்குத் தனிச் சேவைப் பிரிவும், படிமுறைச் சம்பளமும், பதவி உயர்வும் வகுக்கப்படல் வேண்டும். அவருடைய கடமை நேரம் அமர்வுகளால் அளக்கப்படல் வேண்டும். கூட்டமும் கோவையும் அந்நேரத்தை விழுங்கலாகாது. மேற்பார்வைக்குச் செலவிடும் நேரம் பணிநேரமாகவே கொள்ளப்படல் வேண்டும்.

இரண்டாவது, காப்புறுதி. அரச ஊழியர்க்கு அக்ரஹார மருத்துவக் காப்புறுதி உண்டு. தனியார் காப்புறுதிகளும் உள்ளன. இவையெல்லாவற்றிலும் உளவளத்துணை அமர்வுக்கெனத் தனித் தொகை ஒன்று வெளிப்படையாகக் குறிக்கப்படல் வேண்டும். அத்தொகை ஒரு மணி நேரத்து உழைப்புக்கு ஈடாதல் வேண்டும். விலைவாசி உயரும்போது அதுவும் உயர்தல் வேண்டும். பெயரளவுக்கு ஒரு தொகையைக் குறித்துவிட்டு, எஞ்சியதை நோயாளியின் தலையிலே கட்டுவதாற் பயனில்லை.

மூன்றாவது, நம் பாடசாலைகள். ஆலோசனை வழிகாட்டலுக்கென ஓராசிரியரைக் குறித்துவிட்டு, ஏனையோர் போலவே அவருக்கும் பாடவேளைகளை நிரப்பி, இடைவேளையிலே பிள்ளையைக் கேள் என்பது கேட்கச் சொல்வதாகாது. என் அனுபவத்திலே, மாணவன் உண்மையைச் சொல்லத் தொடங்கும் நேரத்திலேதான் மணி அடிக்கும். அவ்வாசிரியர்க்குப் பாடவேளை குறைக்கப்படல் வேண்டும். கதவுள்ள ஓர் அறை வேண்டும். அப்பணிக்கெனத் தனிப்படி ஒன்றும் வேண்டும்.

இவற்றைக் கேட்கவேண்டியவர் உளவளத்துணையாளர் மட்டும் அல்லர். தம் சம்பளத்தைத் தாமே கேட்க நாணுவோர் அவருட் பலர். பரிவைத் தொழிலாகக் கொண்டோர்க்கு அந்நாணம் இயல்பு. ஆற்றுப்படை நூல்களிலே பசித்த பாணனுக்காக வேறொரு பாணன் பேசினான். தான் பரிசில் பெற்றவனாதலால் பெறாதவனுக்கு வழி சொல்லுதல் தன் கடனென அவன் எண்ணினான். மாதந்தோறும் ஒழுங்காகச் சம்பளம் பெறும் ஆசிரியர் கூட்டத்தினராகிய நாம் அந்த நிலையிலே நிற்கிறோம். இலக்கியச் சங்கங்கள் தீர்மானம் இயற்றலாம். ஆசிரிய சங்கங்கள் மாகாண சபையையும் மத்திய அமைச்சையும் எழுத்தாற் கேட்கலாம். புலம்பெயர்ந்த நம்மவர் ஓராண்டுத் திட்டத்துக்கு அனுப்பும் பணத்தைப் பல்லாண்டுச் சம்பள நிதியாக மாற்றலாம். மாணவர்கள் இத்துறையை நாடிக் கற்க வருதல் வேண்டும். கற்று வந்தால் வாழலாம் என்னும் உறுதியை நாம் அவர்க்குக் கொடுத்தல் வேண்டும்.

ஏறத்தாழ ஐம்பது பேருக்கு மாதச் சம்பளம். யாழ்ப்பாணம் கேட்கவேண்டிய பரிசில் அவ்வளவே.